அடையாற்றைக் கடந்த தூதர்கள்

பெசன்ட் நகருக்குப் போகிறவர்களில் பலர் எலியட்ஸ் கடற்கரையோடு திரும்பிவிடுவார்கள். காற்று வாங்க மணல், கொறிக்கச் சுண்டல், குழந்தைகளுக்குப் பலூன், போட்டோ எடுத்துக்கொள்ள ஷ்மிட் நினைவு மண்டபம். தெற்கே கொஞ்சம் நடந்தால் வேளாங்கண்ணி மாதா கோயில், அஷ்டலட்சுமி கோயில். ஒரு மாலைப் பொழுதுக்கு இது போதும்தான்.

ஒருமுறை எதிர்ப்பக்கம் நடந்து பாருங்கள். கடலை வலது கைப் பக்கம் வைத்துக்கொண்டு வடக்கே போனால், பலூன் கடைகள் குறைந்து படகுகளும் வலைக் குவியல்களும் தென்பட ஆரம்பிக்கும். அதுதான் ஊரூர் குப்பமும் ஒல்காட் குப்பமும். தனித்தனிப் பெயர் கொண்ட இரண்டு மீனவ ஊர்கள் ஒட்டியே இருப்பதால், சேர்த்து ஊரூர் ஒல்காட் குப்பம் என்றே எல்லோரும் சொல்கிறார்கள். இங்கே ஓர் எல்லையம்மன் கோயில் உண்டு. ஊர் எல்லையில் நின்று காவல் காக்கும் அம்மன் என்பது அந்தப் பெயருக்குப் பொருள். அந்தப் பெயர் இந்த இடத்துக்கு எவ்வளவு பொருத்தம் என்பது இன்னும் வடக்கே நடந்தால் புரியும்.

அங்கே நிலம் முடிகிறது. அடையாறு கடலில் சேரும் முகத்துவாரம் குறுக்கே வருகிறது. பாதியில் அறுந்து நிற்கும் ‘உடைந்த பாலம்’ தெரிகிறது. 1967-ல் கட்டப்பட்டு, 1977-ல் ஒரு பகுதி இடிந்துபோன பாலம் இது. எதிர்க்கரையில் சீனிவாசபுரம், பட்டினப்பாக்கம், எம்.ஆர்.சி. நகரின் உயரமான கட்டடங்கள். அவற்றுக்கு அப்பால் சாந்தோம், மயிலாப்பூர்.

இன்று இது சினிமாக்காரர்களுக்குப் பிடித்த லொக்கேஷன். 18-ம் நூற்றாண்டிலோ, புதுச்சேரியிலிருந்து கடலோரமாகச் சென்னைக்கு வரும் எவரும் இந்த ஆற்றைக் கடந்தே ஆக வேண்டும். வணிகன் கடந்தான், படை கடந்தது. படைகள் மோதிக்கொண்டிருந்த நாட்களில், சமாதானம் பேசப் போன தூதர்களும் கடந்தார்கள். எதிரியின் முகாமுக்குள் ஆயுதம் இல்லாமல் நடந்து போய் உயிரோடு திரும்பி வருவது எப்படி? இந்த ஆற்றங்கரைக்கு அந்தக் கேள்வியோடு நீண்ட பழக்கம் இருக்கிறது.

குப்பத்துக்குப் பெயர் தந்த கர்னல்

ஒல்காட் குப்பத்தின் பெயரிலேயே ஒரு போர்க்காலம் ஒளிந்திருக்கிறது. ஹென்றி ஸ்டீல் ஒல்காட் அமெரிக்காவின் நியூஜெர்சியில் 1832-ல் பிறந்தவர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்கு மாநிலங்களின் ராணுவத்துக்காக வேலை பார்த்தார். ராணுவக் கொள்முதலில் நடந்த மோசடிகளைத் துருவிப் பிடிப்பது அவருக்குக் கொடுக்கப்பட்ட பொறுப்பு. ‘கர்னல்’ என்ற பட்டம் அங்கே வந்ததுதான். 1875-ல் நியூயார்க்கில் பிரம்மஞான சபையைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1882 இறுதியில் சபையின் தலைமையகம் அடையாற்றின் தென்கரைக்கு வந்தது. 1894-ல் இந்த வட்டாரத்தின் தாழ்த்தப்பட்ட குழந்தைகளுக்காக இலவசப் பள்ளிக்கூடம் திறந்தார். 1907-ல் அடையாறிலேயே காலமானார்.

அவருக்கும் ஒரு தூது அனுபவம் உண்டு. 1883-ல் கொழும்பு கொட்டாஞ்சேனையில் மதக் கலவரம் நடந்தது. அதில் பாதிக்கப்பட்ட பௌத்தர்கள் தங்கள் குறைகளை லண்டனில் எடுத்துச் சொல்ல ஒல்காட்டை அனுப்பினார்கள். 1884-ல் அவர் குடியேற்ற நாடுகளுக்கான அலுவலகத்தின் வாசலை மிதித்தார். வெசாக் பௌர்ணமிக்கு இலங்கையில் அரசு விடுமுறை கிடைத்ததற்கு அந்தப் பயணமும் ஒரு காரணம். அது அமைதிக் காலத் தூது. வழியில் பீரங்கி எதுவும் இல்லை. அவர் வாழ்ந்த இதே கரையில் அவருக்கு 136 வருஷங்களுக்கு முன்னால் நடந்தது வேறு கதை.

1746: போனவர்கள் திரும்பவில்லை

அந்த வருஷம் செப்டம்பரில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி லா பூர்தொனே, ஆங்கிலேயரிடமிருந்து சென்னைக் கோட்டையைப் பிடித்துவிட்டார். ஆற்காடு நவாப் அன்வாருதீன், தன் ஆட்சிப் பகுதிக்குள் இப்படிச் சண்டை போடக் கூடாது என்றார். ‘பிடித்ததும் உங்களிடமே தந்துவிடுகிறோம்’ என்று புதுச்சேரி கவர்னர் டியூப்ளே சமாதானம் சொல்லியிருந்தார். பிடித்த பிறகு தரவில்லை. நவாப் தன் மகன் மாபூஸ்கானைச் சுமார் பத்தாயிரம் பேர் கொண்ட படையோடு அனுப்பினார். கோட்டை முற்றுகைக்கு உள்ளானது.

உள்ளே மாட்டிக்கொண்ட பிரெஞ்சுக்காரர்கள் முதலில் பேசிப் பார்க்க நினைத்தார்கள். இரண்டு தூதர்களை மாபூஸ்கானின் முகாமுக்கு அனுப்பினார்கள். மாபூஸ்கான் அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. பிடித்து வைத்துக்கொண்டார்.

அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் கோபத்துக்குக் காரணம் இருந்தது. கொடுத்த வாக்கை மீறியவர்கள் அனுப்பிய ஆட்கள்தானே இவர்கள்? அவர்களுடைய பேச்சை இனி எதற்காக நம்ப வேண்டும்? ஆனால் தூதர்களைப் பிடித்த அந்த நிமிஷத்தில் பேசுவதற்கு இருந்த ஒரே வாசலும் அடைபட்டது. மீதி இருந்தது பீரங்கிதான்.

நவம்பர் 2-ம் தேதி கோட்டையிலிருந்து சுமார் 400 பேர் இரண்டு பீரங்கிகளோடு வெளியே வந்து நவாப்பின் குதிரைப்படையைச் சிதறடித்தார்கள். அதே நேரம் புதுச்சேரியிலிருந்து பாரதி என்ற சுவிட்சர்லாந்துக்காரர் தலைமையில் ஆயிரத்துக்கும் குறைவான படை கடலோரமாக வந்துகொண்டிருந்தது. அதை வழியில் மடக்க, மாபூஸ்கான் தன் ஆட்களை அடையாற்றின் வடகரையில் நிறுத்தினார். நவம்பர் 4-ம் தேதி, நீங்கள் இன்று குப்பத்திலிருந்து பார்க்கும் அந்த எதிர்க்கரைப் பகுதியில் அவர்கள் காத்திருந்தார்கள். (பழைய நாட்காட்டியைப் பின்பற்றிய ஆங்கிலேயர் குறிப்புகளில் இது அக்டோபர் 24 என்று இருக்கும்.)

பாரதியின் ஆட்கள் நின்று யோசிக்கவில்லை. ஆற்றில் இறங்கி, தண்ணீரைக் கடந்து, வரிசையாகச் சுட்டபடியே கரை ஏறினார்கள். கொஞ்ச நேரத்தில் பெரும் படை சாந்தோம் தெருக்களுக்குள் ஓடியது. ஐரோப்பிய முறையில் பயிற்சி பெற்ற சிறு படையால் பெரிய குதிரைப்படையை விரட்ட முடியும் என்பதை இந்தியா கண்கூடாகப் பார்த்த போர் என்று சரித்திர ஆசிரியர்கள் இந்த அடையாறு போரைச் சொல்வார்கள். அடுத்த ஐம்பது வருஷம் இந்த மண்ணில் நடந்த பல போர்களுக்கு இது முன்னுரை.

டியூப்ளேயின் துபாஷியான ஆனந்தரங்கப் பிள்ளை தமிழில் எழுதிய தினப்படி நாட்குறிப்பு நமக்குக் கிடைத்திருக்கிறது. இந்தக் காலத்தின் பரபரப்பை அதில் பார்க்கலாம். வெள்ளைக்காரர்களுக்கும் நவாப்புகளுக்கும் நடுவே நடந்த பேச்சுவார்த்தை எல்லாம் துபாஷிகளின் நாவில்தான் நடந்தது. தூதர் பெயர் சரித்திரத்தில் நிற்கும், அவரோடு கூடவே போன துபாஷியின் பெயர் பெரும்பாலும் நிற்காது. ஆபத்து மட்டும் இருவருக்கும் ஒன்றுதான்.

1769: பரங்கிமலைக்கு ஒரு பயணம்

இருபத்து மூன்று வருஷம் கழித்து அதே ஆறு, வேறு எதிரி. மைசூரின் ஹைதர் அலிக்கும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் 1767-ல் தொடங்கிய போர் இழுத்துக்கொண்டே போனது. அந்த முதல் வருஷமே ஹைதரின் மகன் திப்பு, பதினேழு வயதுப் பையன், குதிரைப்படையோடு சென்னையின் ஓரங்களில் புகுந்து கம்பெனி அதிகாரிகளின் தோட்ட வீடுகளைக் கலங்கடித்துவிட்டுப் போயிருந்தார். 1769 தொடக்கத்தில் சமாதானம் பேசக் கம்பெனி ஆள் அனுப்பியது. பேச்சு முடியவில்லை. ‘சென்னை வாசலுக்கே வந்து பேசிக்கொள்கிறேன்’ என்ற பொருள்பட ஹைதர் பதில் சொல்லி அனுப்பியதாகச் சொல்வார்கள்.

சொன்னபடியே வந்தார். கம்பெனியின் பெரிய படையை வெகு தூரம் இழுத்துவிட்டு, சுமார் 6,000 குதிரை வீரர்களோடு மூன்றரை நாளில் 130 மைல் கடந்து, மார்ச் கடைசியில் பரங்கிமலைப் பக்கம் வந்து நின்றார். கோட்டைக்கும் அவருக்கும் நடுவே தடுப்பதற்குச் சொல்லிக்கொள்ளும்படி படை எதுவும் இல்லை.

கோட்டைக்கு அவர் அனுப்பிய செய்தி மிரட்டல் இல்லை. சமாதானம் பேச வந்திருக்கிறேன், கவுன்சில் உறுப்பினர் ஜோசியாஸ் டூ ப்ரேயை அனுப்புங்கள் என்று ஆளின் பெயரையே குறிப்பிட்டிருந்தார். டூ ப்ரே அடுத்த கவர்னராக வரவிருந்தவர். கம்பெனிக்கு வேறு வழி இல்லை. ஹைதரைத் துரத்திக்கொண்டு வந்த கர்னல் ஸ்மித்தின் படைக்கு, இருக்கிற இடத்திலேயே நில் என்று உத்தரவு போனது. டூ ப்ரே பரங்கிமலைக்குப் புறப்பட்டார்.

கோட்டையிலிருந்து பரங்கிமலைக்குப் போகிற சாலை சைதாப்பேட்டையில் அடையாற்றைக் கடக்கிறது. அங்கே கோஜா பெத்ரோஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர் தன் சொந்தப் பணத்தில் 1726-ல் கட்டிய மர்மலாங் பாலம் இருந்தது. இன்றைய மறைமலை அடிகள் பாலத்துக்கு முன்னோடி அது. டூ ப்ரே அந்த வழியாகத்தான் போயிருக்க வேண்டும். பாலத்தின் இந்தப் பக்கம் கம்பெனியின் ஆட்சி, அந்தப் பக்கம் ஹைதரின் குதிரைகள்.

ஏப்ரல் தொடக்கத்தில் உடன்படிக்கை கையெழுத்தானது. பிடித்த இடங்களை இரு தரப்பும் திருப்பித் தருவது, ஒருவர் மேல் யாராவது படையெடுத்தால் மற்றவர் உதவுவது என்று முடிவு. டூ ப்ரே பத்திரமாகத் திரும்பினார். அடுத்த வருஷம் கவர்னரும் ஆனார். டூ ப்ரேயின் மூக்கை யானைத் தும்பிக்கை போல வரைந்து, ஹைதர் அதைப் பிடித்து இழுக்க அதிலிருந்து வராகன் கொட்டுவது மாதிரி ஒரு கேலிச் சித்திரத்தைக் கோட்டை வாசலில் மாட்டச் செய்தார் ஹைதர் என்று ஒரு கதை அந்தக் காலத்திலிருந்தே உலவுகிறது. கதையாகவே வைத்துக்கொள்வோம். மூக்கைக் கேலி செய்தாலும் ஆளின் தலைமுடியைக்கூட ஹைதர் தொடவில்லை.

1746-ல் நடக்காதது 1769-ல் எப்படி நடந்தது? மூன்று விஷயங்கள் சேர்ந்தன. தூதரை ‘வா’ என்று அழைத்தது எதிர்த்தரப்பே. அனுப்பியவர்களும் தங்கள் படையை அசையாமல் நிறுத்தினார்கள். பேச்சு முடிவதில் இரண்டு பக்கத்துக்கும் லாபம் இருந்தது. 1746-ல் இந்த மூன்றில் ஒன்றுகூட உறுதியாக இல்லை.

நம் வீட்டுக் கதைகளில் தூது

தூதனைத் தொடக் கூடாது என்பது நமக்கு ஐரோப்பியர் சொல்லித்தந்த பாடம் இல்லை. ராவணன் சபையில் அனுமனைக் கொல்லச் சொன்னபோது, தூதனைக் கொல்வது முறையல்ல என்று எழுந்து சொன்னவன் விபீஷணன். ராவணனுக்கே அதை மீற மனம் வரவில்லை. வாலில் தீ வைப்பதோடு நிறுத்திக்கொண்டான், அதன் பலனையும் அனுபவித்தான்.

சங்க காலத்தில் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போனவர் அவ்வையார். தொண்டைமான் தன் ஆயுதச் சாலையைப் பெருமையாகக் காட்டினான். நெய் பூசி, மாலை சூட்டிப் பளபளப்பாக இருக்கின்றன உன் ஆயுதங்கள், அதியமானுடையவையோ போரில் முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார் அவ்வை. புகழ்வது மாதிரி ஒரு குத்து. எதிரியின் ஆயுதக் கிடங்குக்குள் நின்றுகொண்டு அப்படிச் சொல்லிவிட்டுத் திரும்ப முடிந்தது என்றால், தூதருக்கு இருந்த மரியாதை அப்படி. இன்றைய சென்னை இருப்பதும் அந்தத் தொண்டை நாட்டில்தான்.

திருவள்ளுவரும் தூதுக்கு ஒரு தனி அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார், 69-வது. தனக்கு அழிவே வந்தாலும் அஞ்சாமல் அரசனுக்கு நன்மை தேடுகிறவனே தூதன் என்று அந்த அதிகாரத்தை முடிக்கிறார். வள்ளுவருக்கு முறையும் தெரியும், முறை மீறப்படும் என்பதும் தெரியும்.

ஹைதர் நம்பிய பாதிரியார்

மறுபடி போர் மேகம். 1779-ல் சென்னை கவர்னர் ரம்போல்ட், கம்பெனி சமாதானத்தையே விரும்புகிறது என்று ஹைதரிடம் சொல்ல ஒருவரைத் தேடினார். ஹைதர் நம்பக்கூடிய ஆளாக இருக்க வேண்டும். தேர்வானவர் அதிகாரியும் இல்லை, ராணுவத்தாரும் இல்லை. திருச்சியிலும் தஞ்சாவூரிலும் ஊழியம் செய்த ஜெர்மானியப் பாதிரியார் கிறிஸ்டியன் ஃபிரெடரிக் சுவார்ட்ஸ். 1750-ல் தரங்கம்பாடிக்கு வந்தவர். தமிழில் சரளமாகப் பேசுவார். பாரசீகமும் இந்துஸ்தானியும் தெரியும்.

சுவார்ட்ஸ் திருச்சியிலிருந்து புறப்பட்டு, ஹைதரின் எல்லைக் கோட்டையான கரூரில் அனுமதிக்காகக் காத்திருந்தார். அனுமதி வந்த பிறகே மேலே நகர்ந்தார். மலைக் கணவாய் ஏறி ஸ்ரீரங்கப்பட்டணம் போய்ச் சேர்ந்தார். ஹைதர் அவரை மரியாதையாக நடத்தினார். வழிச்செலவுக்கு 300 ரூபாய் கொடுத்தார். சுவார்ட்ஸ் அதைத் தனக்கென்று வைத்துக்கொள்ள மனமில்லாமல் கம்பெனியிடம் ஒப்படைக்கப் போனார். அவர்கள் வேண்டாம் என்றதும், தஞ்சாவூரில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு அதை மூலதனமாக்கினார்.

தூது பலிக்கவில்லை. அடுத்த வருஷமே, 1780-ல், ஹைதரின் பெரும் படை கர்நாடகச் சமவெளியில் இறங்கியது. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பொள்ளிலூரில் கம்பெனிப் படை நொறுங்கியது. ஊர்கள் எரிந்தன, பஞ்சம் வந்தது. ஆனால் அந்தக் கொடுமையான நாட்களிலும், பாதிரியார் சுவார்ட்ஸ் எங்கே வேண்டுமானாலும் போகலாம், வரலாம், அவரை யாரும் தடுக்கக் கூடாது என்று ஹைதர் தன் அதிகாரிகளுக்கு உத்தரவு போட்டிருந்தார். அந்த உத்தரவு ஹைதரின் தர்பாரோடு நிற்கவில்லை. வழியில் நின்ற காவல்காரன் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. அதுதான் முக்கியம்.

தஞ்சைக் கோட்டைக்குள் ஜனங்கள் பட்டினியால் செத்துக்கொண்டிருந்தபோது, விவசாயிகள் அரசையும் நம்பவில்லை, கம்பெனியையும் நம்பவில்லை. சுவார்ட்ஸ் பணத்துக்குத் தன் வார்த்தையைப் பொறுப்பாகக் கொடுத்தார். மாடுகள் வந்தன. 80,000 கலம் நெல் கோட்டைக்கு வந்து சேர்ந்தது. இரண்டு தரப்பும் நம்பும் ஒரு மனிதர் இருந்தால் தூதுக்கு மட்டுமல்ல, சோற்றுக்கும் வழி திறக்கும்.

அதே சுவார்ட்ஸை 1783-ல் மறுபடி அனுப்பினார்கள். ஹைதர் இறந்து திப்பு ஆட்சிக்கு வந்திருந்தார். சமாதானம் பேசச் சென்னையிலிருந்து போகும் கம்பெனித் தூதர்களோடு அவரும் சேர்ந்துகொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. சத்தியமங்கலம் வரைதான் போக முடிந்தது. அங்கிருந்த திப்புவின் ஆட்கள் மேலே விட மறுத்துவிட்டார்கள். நான்கு வருஷத்துக்கு முன்னால் மாலை மரியாதையோடு போன அதே ஆள், ஏறக்குறைய அதே வழி. வாக்குக் கொடுத்தவர் இப்போது இல்லை, புதியவரின் உத்தரவு அந்தக் கோட்டைக்கு வரவில்லை. அவர் தஞ்சாவூருக்குத் திரும்பினார். கம்பெனித் தூதர்கள் தனியாக நாட்டைக் குறுக்கே கடந்து போய், 1784 மார்ச் 11-ல் மங்களூர் உடன்படிக்கையை முடித்தார்கள்.

சுவார்ட்ஸுக்குத் தஞ்சாவூரில் சரபோஜி மன்னர் வைத்த பளிங்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. சென்னைக் கோட்டைக்குள் செயின்ட் மேரி தேவாலயத்திலும் கம்பெனி வைத்த ஒன்று உண்டு.

செய்தி எப்படிப் போகும்?

இப்போது மறுபடி குப்பத்து மணலுக்கு வருவோம். ‘தூதர் வருகிறார், சுடாதே’ என்ற செய்தி முன்கூட்டியே போய்ச் சேர வேண்டுமே, அதை யார் கொண்டு போவது? நிலத்தில் ஹர்க்காரா என்ற ஓட்டக்காரர்கள் இருந்தார்கள். கடலில் அந்த வேலையைச் செய்தவர்கள் இந்தக் கரையோர மீனவர்கள்தான்.

அந்தக் காலத்துச் சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். நடுவே அடுக்கடுக்காக அலை. ஐரோப்பியரின் படகு அந்த அலையில் கவிழ்ந்துவிடும். கட்டுமரக்காரர்தான் போவார். கூம்பு மாதிரி ஒரு தொப்பிக்குள் கடிதத்தை நனையாமல் வைத்துத் தலையில் கவிழ்த்துக்கொள்வார். அலை அடித்துக் கட்டுமரத்திலிருந்து தூக்கிப்போட்டாலும் நீந்தி வந்து மறுபடி ஏறிக்கொள்வார். கடிதம் காய்ந்தபடியே கப்பலுக்குப் போகும். அந்தக் காலத்தில் சென்னைக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் வியந்து வியந்து எழுதியிருக்கிறார்கள். போரோ சமாதானமோ, சென்னையின் கடல்வழிச் செய்திகள் எல்லாம் கொஞ்ச தூரமாவது ஒரு கட்டுமரக்காரரின் தலையில் பயணம் செய்திருக்கின்றன.

வெள்ளைக் கொடி, இன்று

1907-ல், ஒல்காட் காலமான அதே வருஷம், ஹாலந்தின் ஹேக் நகரில் உலக நாடுகள் கூடிப் போர் விதிகளைத் திருத்தி எழுதின. வெள்ளைக் கொடியோடு பேச வரும் தூதரைத் தாக்கக் கூடாது. கூட வரும் எக்காளக்காரர், முரசு அடிப்பவர், கொடி பிடிப்பவர், மொழிபெயர்ப்பாளர் ஆகியோருக்கும் அதே பாதுகாப்பு உண்டு. ஆனந்தரங்கப் பிள்ளையின் வாரிசுகளுக்கும் இடம் கிடைத்துவிட்டது! அதே விதிகளில் இன்னொன்றும் இருக்கிறது. எந்தத் தளபதியும் தூதரைக் கட்டாயம் சந்தித்தே ஆக வேண்டும் என்பதில்லை. 1961-ல் வந்த வியன்னா உடன்படிக்கை, தூதரக அதிகாரிகளைக் கைது செய்யக் கூடாது, தாக்கக் கூடாது என்று உறுதி செய்தது.

எழுதி வைத்தாகிவிட்டது. போதுமா? நம் குப்பம் பார்க்கும் இதே வங்கக் கடலின் தெற்கே, இலங்கையின் மட்டக்களப்பில் 2007 பிப்ரவரி 27-ம் தேதி நடந்ததைப் பாருங்கள். இடம்பெயர்ந்த மக்களின் நிலையைப் பார்ப்பதற்காக வெளிநாட்டுத் தூதர்களை இலங்கை அரசு ஹெலிகாப்டரில் அழைத்து வந்தது. இறங்கிய நேரத்தில் குண்டுகள் விழுந்தன. அமெரிக்கத் தூதர் ராபர்ட் பிளேக்கும் இத்தாலியத் தூதர் பியோ மரியானியும் காயமடைந்தார்கள். நல்லவேளை, பெரிய காயமில்லை. அரசு விடுதலைப் புலிகளைக் குற்றம் சாட்டியது. தூதர்கள் வருவது தங்களுக்குத் தெரிவிக்கப்படவில்லை என்று சொல்லிப் புலிகள் வருத்தம் தெரிவித்தார்கள். யார் சொன்னதை எப்படி எடுத்துக்கொண்டாலும், பீரங்கிக்குப் பின்னால் நின்றவனிடம் ‘இன்று சுடாதே’ என்ற சொல் இல்லை.

நம் வீட்டுப் பிள்ளைகள் சம்பந்தப்பட்ட ஒன்றையும் சொல்லலாம். 2022 மார்ச்சில் உக்ரைனின் சுமி நகரில் சுமார் 700 இந்திய மாணவர்கள் மாட்டிக்கொண்டார்கள். மார்ச் 7-ம் தேதி பஸ்ஸில் ஏறியவர்களை இறங்கச் சொல்லிவிட்டார்கள். பாதை உறுதியாகவில்லை. டெல்லியிலிருந்து ரஷ்யாவுடனும் உக்ரைனுடனும் பேச்சு நடந்தது. மறுநாள் பாதை திறந்தது. பஸ்கள் பொல்டாவா நோக்கிக் கிளம்பின. உட்காரும் பஸ் அதேதான், ரோடும் அதேதான். ஒரு நாள் இடைவெளியில் மாறியது, இரண்டு படைகளும் கொடுத்த வாக்கு. அந்த ஒரு நாளை இங்கே பெற்றவர்கள் எப்படிக் கழித்திருப்பார்கள் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

தூதரைக் காப்பது வெள்ளைத் துணி இல்லை, அவர் கையிலுள்ள முத்திரைக் காகிதமும் இல்லை. எதிரி கொடுத்த சொல். அந்தச் சொல்லும் மேலிடத்தில் இருந்தால் போதாது. பாதையில் கடைசியாக நிற்கும் சிப்பாயின் காது வரை வந்து சேர வேண்டும். ஹைதரின் சொல் வந்து சேர்ந்தது. சத்தியமங்கலத்துக்கும் மட்டக்களப்புக்கும் சேரவில்லை.

போகிறவர்களுக்கு

பெசன்ட் நகர் பேருந்து நிலையம் வரை மாநகரப் பேருந்துகள் நிறைய உண்டு. பெரம்பூரிலிருந்து வரும் 29சி மயிலாப்பூர், அடையாறு வழியாக வரும். அங்கிருந்து கடற்கரைக்கு வந்து வடக்கே நடந்தால் குப்பம். அதிகாலையில் போனால் படகுகள் கரைக்கு வருவதையும், அன்று பிடித்த மீன் கைமாறுவதையும் பார்க்கலாம். வலை காய்கிற இடத்தில் மிதிக்காதீர்கள். வீட்டு வாசலில் உட்கார்ந்திருப்பவர்களைக் கேட்காமல் போட்டோ எடுக்காதீர்கள். அது அவர்களுடைய தெரு.

உடைந்த பாலத்தின் மேல் ஏறி செல்ஃபி எடுக்கும் ஆசை வேண்டாம். முகத்துவாரத்தில் இறங்கவும் வேண்டாம். கோடையில் மணல் மேடிட்டு வாய் அடைபட்டு அமைதியாகத் தெரியும், மழைக்காலத்து வெள்ளம் அதை உடைத்துக்கொண்டு பாயும். தண்ணீரின் வேகம் மேலே பார்த்தால் தெரியாது. எங்கே நிற்கலாம், எங்கே கூடாது என்று குப்பத்துப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

நேரம் இருந்தால் அதே நாளில் இன்னும் மூன்று இடங்கள்: சைதாப்பேட்டைப் பாலம், ஊர் முழுக்கத் தெரியும் பரங்கிமலை உச்சி, கோட்டைக்குள் செயின்ட் மேரி தேவாலயத்தின் சுவார்ட்ஸ் நினைவுச் சின்னம். கோட்டைக்குள் நுழைய அடையாள அட்டை கையில் இருக்கட்டும், வாசலில் காவலர் கேட்பார். பிள்ளைகளைக் கூட்டிப் போனால், டூ ப்ரே போன வழியை அவர்களே மொபைல் மேப்பில் தேடிப் பார்க்கட்டும். கோட்டையிலிருந்து மலை வரை பதினைந்து கிலோமீட்டர்கூட இருக்காது. அன்று அதைக் கடக்க இரண்டு அரசுகளின் சம்மதம் தேவைப்பட்டது.